காதர் பாய் குட்டையில் போடாத பவுடர்

இறாலின் ரத்தம் நீல நிறமாக இருக்கும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தபோது, உங்களில் சிலர் ஊசிக்குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். உள்ளே இருந்தது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. பிறகு ஒருவர் துணிந்து, "லேசா நீலமாத்தான் இருக்கு" என்றார். உடனே மற்ற எல்லோருக்கும் நீலம் தெரிந்துவிட்டது.

காற்றுப்படச் சிறிது நேரம் வைத்திருந்தால் உண்மையிலேயே நீலம் ஏறியிருக்கும். அதுவரை காத்திருக்கத்தான் யாருக்கும் மனம் இல்லை. பரவாயில்லை. இதே கட்டடத்தில், உங்களைவிட ரொம்பப் பெரிய ஆட்களே இப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உங்கள் இயக்குநர் எனக்கு அரைமணி நேரம் கொடுத்திருக்கிறார். ஓய்வு பெற்ற பெண்மணிகளின் கையில் அரைமணி நேரத்தைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. செய்முறைகளைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். அவையெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கின்றன. வனாமி என்கிற வெளிநாட்டு இறால் இந்தக் கரையில் பரவலாகிவிட்ட பிறகு, நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அப்போது எங்கள் பிரிவுக்கு ஒரு தலைவர் இருந்தார். பெயர் வேண்டாம். இப்போது பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். எந்த முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "அப்படியா?" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்தே நாங்கள் காலம் தள்ளினோம். சட்டென்று சொன்னால் சந்தோஷம். இழுத்துச் சொன்னால் மறுபடியும் செய்ய வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னால் ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் இருப்பது நல்லது. அவரைப் போல நிதானமாக யோசிக்கிறவர்கள் குறைவு. ஆனால் இறால் பண்ணைக்காரர்கள் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார். வண்டியின் கண்ணாடியில் தலை சீவிக்கொள்வார்.

இனி வைரஸ். வெள்ளைப்புள்ளி வைரஸை உங்களுக்குத் தெரியும். ஒரு குட்டைக்குள் வந்துவிட்டால், வாரம் முடிவதற்குள் இறால் எல்லாம் கரையோரம் ஒதுங்கிச் சாகும். ஓட்டில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி புள்ளிகள் இருக்கும். எங்கள் பிரிவு அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது, இறாலின் உடம்பில் இருக்கும் காவலை அந்த வைரஸ் எப்படித் தாண்டுகிறது என்பதை.

செல்லுக்குள் யூபிக்விட்டின் என்று ஒரு குட்டிப் புரதம் இருக்கிறது. மற்றப் புரதங்களின் மேல் ஒட்டிக்கொள்வதுதான் அதன் பிழைப்பு. அது சீட்டு மாதிரி. சீட்டு ஒட்டப்பட்ட புரதத்தைச் செல் இழுத்துப்போய் நறுக்கிவிடும். பழுதானது, வேலை முடிந்தது எல்லாம் அப்படித்தான் கழிகின்றன. எதன்மேல் சீட்டு ஒட்டுவது என்று தேர்ந்தெடுக்கத் தனிப் புரதங்கள் இருக்கின்றன. வெள்ளைப்புள்ளி வைரஸ் அப்படிப்பட்ட புரதத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. சீட்டு இறாலுடையது. நறுக்கும் இயந்திரமும் இறாலுடையது. ஒட்டுகிற கை மட்டும் வைரஸுடையது. வீட்டுக்காரர் செலவிலேயே வீட்டுக் காவலாளியைக் காலி செய்கிற சாமர்த்தியம் அது.

எங்கள் ஆட்கள் அந்தக் காவலாளிகளில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நோய் வந்த இறாலில் அந்தக் காவல் புரதம் காணாமல் போனது. ஒரு செடியின் சாற்றைக் காயவைத்துப் பவுடராக்கித் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது சீட்டு ஒட்டும் வேலை தடைப்பட்டது. காவல் புரதம் அப்படியே இருந்தது. எல்லோரும் துள்ளிக் குதித்தோம். தலைவர் "அப்படியா?" என்று சட்டென்று சொன்னார்.

ஒரு சின்ன விஷயம்தான் பாக்கி. காவல் புரதம் இருக்கிறதா என்று பார்க்க இறாலைக் கொன்று உள்ளே எடுத்துத்தான் பார்க்க முடியும். கொன்றுவிட்ட இறால் பிழைத்திருக்குமா என்று யாரைப் போய்க் கேட்பது? அதைக் கேட்டவள் கோமதி ஒருத்திதான். முதுகுளத்தூர்ப் பக்கம் கிராமத்திலிருந்து வந்து, எங்களிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த பெண்.

"சார், பவுடர் தின்ன ராலு கடைசி வரைக்கும் உசுரோட இருக்கான்னு நாம இன்னும் பாக்கவே இல்லையே?"

தலைவர் அப்போது ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அதுவும் பாத்துருவோம். நீ தொட்டியை ரெடி பண்ணு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். தலை சீவினார்.

அந்தக் கூட்டம் தேவிபட்டினத்தில், கடலுக்குள் இருக்கும் கோயிலைப் பார்க்க வந்த பஸ்களுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நானும் போயிருந்தேன். தலைவர் பேசி முடித்ததும் நடு வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். காதர் மைதீன் என்று பெயர். எல்லோருக்கும் காதர் பாய். வளைகுடா விமான நிலையம் ஒன்றில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, ஊருக்கு வடக்கே இரண்டு குட்டைகளில் இறால் வளர்த்துக்கொண்டிருந்தார். முந்தைய போகத்தை வெள்ளைப்புள்ளி முழுசாகக் கொண்டுபோயிருந்தது.

"ஏன் சார், எம்புள்ளைக்குப் போடுற மாதிரி ராலுக்கும் ஒரு தடுப்பூசி போட்டுற முடியாதா?"

"நமக்கு ஊசி போட்டா ஒடம்பு ஞாபகம் வச்சுக்கும் பாய். ராலுக்கு அந்த மாதிரி ஞாபகம் கெடையாது. பொறக்கும்போது கொண்டுவந்த காவல் மட்டுந்தான். அதைத்தான் இந்த வைரஸு சீட்டு ஒட்டி வெளிய அனுப்பிருது."

"சீட்டு ஒட்டுறதா? அது நம்ம தொழிலாச்சே!" என்றார் காதர் பாய். மண்டபம் சிரித்தது. "தப்பாச் சீட்டு ஒட்டிட்டா அம்புட்டுத்தான் சார். ஒரு மாப்பிள்ளையோட கோட்டு சூட்டை வேற கண்டத்துக்கே அனுப்பிவச்சிருக்கேன். அவரு கைலியோட நிக்காஹ் முடிச்சாரு."

சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் சொல்லிவிட்டார். அந்தச் சீட்டை ஒட்டவிடாமல் தடுக்க நம்மிடம் ஒரு பவுடர் இருக்கிறது, முதலில் ஒரு குட்டையில் போட்டுப் பார்க்கப் போகிறோம், யார் தயார் என்று. காதர் பாய் உட்காரவே இல்லை. நின்ற வாக்கிலேயே கையைத் தூக்கினார். தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும்தான் கை தட்டினேன்.

பவுடர் தயாரிக்க ஒரு சின்ன நிறுவனம் முன்வந்தது. அதன் சார்பில் வந்த இளைஞர் எங்கள் தலைவரிடமே படித்தவர். சுறுசுறுப்பானவர், மரியாதையானவர். சோதனைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே பவுடர் மூட்டைகளைக் காதர் பாயின் குட்டைக் கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார் என்பதைத் தவிர அவர்மேல் எந்தக் குறையும் இல்லை.

கோமதி தொட்டிகளைத் தயார் செய்தாள். ஒன்றில் பவுடர் தின்ற இறால், ஒன்றில் சாதாரணத் தீவனம் தின்ற இறால். இரண்டுக்கும் வைரஸ் கொடுத்தாள். மூன்றாவதில் பவுடர் தின்றவை. அவற்றுக்கு வைரஸ் கொடுக்கவில்லை. இடம் இல்லாததால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தொட்டிதான் வைக்க முடிந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாள் கழித்து ஒரு காலையில், வாசலில் பைக் சத்தம் கேட்டது. காதர் பாய் இறங்கினார். கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். செத்த இறால். எல்லாவற்றிலும் பொட்டுப் பொட்டாக வெள்ளை. அந்த வைரஸைப் பூட்டிவைக்க நாங்கள் எத்தனை கதவு, எத்தனை பூட்டுப் போட்டிருக்கிறோம்! இவர் அதைக் காய்கறி வாங்கி வருவதுபோலத் தொங்கவிட்டுக்கொண்டு தேவிபட்டினத்திலிருந்து மண்டபம் ஊரில் இருக்கும் இந்த ஆய்வுக்கூடம் வரை வந்திருக்கிறார்.

"பாய், அங்கனயே நில்லுங்க! உள்ள வராதீக!" என்று கத்தினேன். ஒரு வாளியில் பிளீச்சிங் பவுடர் கரைத்துப் பையை அப்படியே அதில் போட்டு மூடினோம். அவர் கையையும் செருப்பையும் கழுவச் சொன்னேன். கழுவினார். வழக்கமாக ஒரு வார்த்தைக்கு மூன்று வார்த்தை பேசுகிறவர் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"பக்கத்துக் குட்டைக்காரரோடது டாக்டரம்மா. நேத்துல இருந்து சாவுது. காக்கா தூக்கிட்டு வந்து என் கரையில வச்சுத் திங்குது. எனக்கு இன்னும் ஒண்ணும் ஆகலை. இன்னிக்கே பவுடரைப் போட்டுருவோம். சாரு வரணும், அம்புட்டுத்தான். மூட்டை தயாரா இருக்கு."

"தலைவர்ட்ட சொல்றேன். கொஞ்சம் உக்காருங்க."

"உக்கார முடியலைம்மா. இந்தப் போகமும் போச்சுன்னா மறுபடி ஏர்போர்ட்டுதான். எம்மக இப்பத்தான் என்னையக் கண்டு ஓடாம வாப்பான்னு கூப்புடுறா."

அவரை வேப்பமரத்து நிழலில் நிறுத்திவிட்டுத் தலைவரைத் தேடிப் போனேன். அவர் தொட்டி அறையில் இருந்தார். கோமதி அவருக்கு எதிரே நின்றாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

வைரஸ் கொடுத்த இரண்டு தொட்டிகளில், சாதாரணத் தீவனம் தின்ற இறால் பெரும்பாலும் நீந்திக்கொண்டிருந்தது. பவுடர் தின்ற இறாலில் பாதிக்கு மேல் அடியில் கிடந்தது.

"அப்ப...டியா?" என்றார் தலைவர்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் எங்கள் தொழிலில் யாரும் கேட்கிற கேள்விகள்தான். ஏர் பம்பு நின்றதா? இல்லை. தண்ணீர் வேறு வேறு இடத்திலிருந்து எடுத்ததா? இல்லை. ஒரு தொட்டிக்கு வைரஸ் கூடிப்போனதா? அளந்துதான் கொடுத்தாள்.

"தொட்டியை மாத்தி எழுதிட்டியா?"

கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், நானே எழுதி நானே ஒட்டுனது."

தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு தொட்டியிலும் அடியில் கிடந்த மிச்சத் தீவனத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். அந்தப் பவுடருக்குக் கசப்பான ஒரு வாடை உண்டு. முகர்ந்து முடித்துவிட்டு, "மாறலை. அவ எழுதுனது சரிதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பொன்னாடைக்காரர், மூக்கில் இறால் தீவனம் ஒட்டிக்கொண்டிருக்க நின்றார். அதைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

வைரஸ் கொடுக்காத மூன்றாவது தொட்டியில், பவுடர் தின்ற இறால் எந்தக் குறையும் இல்லாமல் திரிந்தது.

காதர் பாய் வந்திருப்பதைச் சொன்னேன். தலைவர் கை கழுவினார். "கோமதியையும் கூட்டிக்கிட்டுப் போவோம்" என்றார்.

வண்டி உச்சிப்புளியைத் தாண்டியது. காதர் பாய் பைக்கில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். ஒரே ஒரு தொட்டியின் முடிவு. இதை நம்பி என்ன சொல்வது? நாளைக்கே மறுபடி செய்தால் தலைகீழாக வரலாம்.

"வரலாம்" என்றார் தலைவர்.

"போடச் சொன்னாலும் சிக்கல், வேணாம்னாலும் சிக்கல்" என்றேன்.

"ஆமா. ஆனா ரெண்டு சிக்கலும் ஒண்ணு இல்லை" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் தலை சீவவில்லை.

குட்டைக் கரையில் பவுடர் நிறுவனத்து இளைஞர் மூட்டையைப் பிரித்து, தீவனத்தோடு கலக்க வாளியும் எடுத்து வைத்திருந்தார். இறாலுக்குக் காற்றுக் கிடைக்கத் துடுப்புச் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. கரைக் கம்பத்தில் காக்கைகள் உட்கார்ந்து எங்களுக்காகவே காத்திருந்ததுபோலத் தெரிந்தது. தலைவர் இளைஞரைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சார், ஒரே தொட்டியா?" என்றார் இளைஞர். "ஒரு தொட்டி ரிசல்ட் ரிசல்ட்டே இல்லைன்னு வகுப்புல நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க."

நியாயமான பேச்சு. எனக்கே அவர் பக்கம் சாயலாமா என்று தோன்றியது. "வைரஸ் இல்லாத தொட்டியில ஒண்ணும் ஆகலைன்னு நீங்களே சொல்றீங்க. பாய் குட்டையில இன்னும் நோய் வரலை. போட்டு வச்சா என்ன நட்டம்?"

தலைவர் குட்டைப் பக்கம் கையைக் காட்டினார். "வரலைன்னு உனக்குத் தெரியுமா?"

"பார்த்தா நல்லாத்தான் சார் இருக்கு."

"பார்த்தா நல்லாத்தான் இருக்கும். உள்ள வந்து, வெளிய தெரியறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும். வரலைன்னா உன் பவுடரால ஒரு பிரயோசனமும் இல்லை. வந்திருச்சுன்னா அது கெடுக்கும்னு ஒரு தொட்டி சொல்லுது. நான் வகுப்புல சொன்னது சரிதான். போடுன்னு சொல்றதுக்கு ஒரு தொட்டி பத்தாது. ஆனா நிறுத்துன்னு சொல்றதுக்கு ஒரு தொட்டி போதும்ப்பா."

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். இதைச் சொல்வது சுலபம். காதர் பாயிடம் போய்ச் சொல்வதுதான் கஷ்டம். அவர் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தீவனத் தட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தட்டை மெதுவாகத் தண்ணீரில் விட்டார்.

"மேடையில சொன்னது நீங்கதானே சார்?"

"நான்தான் பாய்."

"அம்புட்டுப் பேரு முன்னாடி என்னைய எந்திரிக்கவச்சு, கை தட்டவச்சு... இப்ப வந்து வேணாங்கிறீக. அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா?"

"பொய் இல்லை. அவசரம். ரால் பொழைக்குதான்னு பாக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

"சரி. ஏன் சாவுது? பவுடரு காவலைக் காப்பாத்துதுன்னுதானே சொன்னீக? காவல் இருந்தும் ஏன் சாவுது?"

நான் வாயைத் திறந்தேன். ஏதாவது ஒரு விளக்கம் சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். நம் தொழிலில் எப்போதும் ஒரு விளக்கம் கைவசம் இருக்கும். தலைவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"தெரியலை பாய்" என்றார்.

காதர் பாய் தண்ணீரிலிருந்து கரையேறி வந்து எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோமதியிடம் வந்ததும் நின்றார். "நீதானம்மா தொட்டியப் பாத்தது? உனக்கு இங்கன ஒரு குட்டை இருந்தா நீ போடுவியா?"

கோமதி தலைவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "போட மாட்டேண்ணே" என்றாள். "எங்கய்யா குட்டை வச்சிருந்தாலும் போட விடமாட்டேன். நான் பாத்தது தப்பாக்கூட இருக்கலாம். ஆனா பாத்துட்டேன்."

காதர் பாய் பவுடர் மூட்டையின் வாயைத் தானே கட்டி இளைஞரின் வண்டி ஓரமாகத் தள்ளி வைத்தார். "சொல்லுங்க. இப்ப என்ன செய்யணும்?"

செய்ய வேண்டியது எல்லாம் பழைய விஷயங்கள்தான். பிறகு எந்தக் கூட்டத்திலும் அதற்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. வெளித் தண்ணீரை அடைத்தோம். குட்டைகளுக்கு மேலே காக்கை இறங்காதபடி நூல் கட்டினோம். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பு நட்டார். ஒன்றும் சரியாக நிற்கவில்லை, காதர் பாய் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் மறுபடி நட்டார். ஒரு குட்டையில் இறங்கிய ஆளும் வலையும் இன்னொன்றில் இறங்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தோம். இரண்டிலிருந்தும் பரிசோதிக்க இறால் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

பக்கத்துக் குட்டையை ஒட்டியிருந்த குட்டையில் வைரஸ் இருந்தது. பார்த்தால் தெரியாத அளவு, ஆனால் இருந்தது. மற்றதில் இல்லை. நான்தான் போனில் சொன்னேன். எதிர்முனையில் "அல்லா..." என்று ஒரு மூச்சு மட்டும் கேட்டது. மறுநாளே அந்தக் குட்டையை அரை வளர்ச்சியில் பிடித்துவிட்டு, தண்ணீரை வெளியே விடாமல் பிளீச்சிங் போட்டு வைத்தார். மற்றக் குட்டையை விட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை என்று அவர் மனைவி கோபித்துக்கொண்டாராம். அது தப்பியது. அடுத்த சில வாரங்கள் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் முழுசாக வளர்ந்து பிடிபட்டது. அவர் விமான நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

அதற்காக எங்களுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்ல முடியாது. பவுடர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நடக்காமல் போன கெடுதலுக்குச் சாட்சி கிடையாது. இந்த வேலையில் நீங்கள் செய்யப்போகும் நல்ல காரியங்களில் பாதி அப்படித்தான் இருக்கும். பாராட்டு வேண்டுமென்றால் இப்போதே வேறு துறைக்கு விண்ணப்பம் போடுங்கள்.

கோமதி நிறையத் தொட்டிகள் வைத்து மறுபடி செய்தாள். மறுபடியும் அதே முடிவுதான். ஏன் என்று புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சீட்டு ஒட்டுவது ஒரே மாதிரி இல்லை. ஒரு விதமாகக் கோத்து ஒட்டினால் "இதை நறுக்கு" என்று செல் படித்துக்கொள்கிறது. அதே சீட்டை வேறு விதமாகக் கோத்து ஒட்டினால் "ஆபத்து வந்திருக்கிறது, எல்லோரும் எழுந்திரு" என்று படித்துக்கொள்கிறது. எங்கள் பவுடர் ஆள் பார்க்காமல் எல்லாக் கைகளையும் கட்டிப்போட்டது. வைரஸின் கை நின்றது. கூடவே இறால் தன் அபாயக் குரலை எழுப்பும் கையும் நின்றது. காவலாளி வாசலில் நின்றபடியே தூங்கினார். அவரை எழுப்ப யாரும் இல்லை.

வைரஸ்கள் இதையெல்லாம் நமக்கு முன்பே படித்து முடித்தவை. மனிதரைப் பிடிக்கும் சில வைரஸ்கள், அந்த எச்சரிக்கைச் சீட்டை உரித்து எடுப்பதற்கென்றே தனிப் புரதம் வைத்திருக்கின்றன. எதை ஒட்ட வேண்டும், எதை உரிக்க வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். நாங்கள் மொத்தமாகப் பசையையே தூக்கி எறிந்துவிட்டு வெற்றி என்று கை தட்டினோம்.

அதற்கடுத்த பண்ணைக்காரர் கூட்டத்துக்குத் தலைவரை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே போன் செய்து பத்து நிமிடம் கேட்டு வாங்கினார். அதே கல்யாண மண்டபம். நாங்கள் சொன்னது தவறு, அந்தப் பவுடரை யாராவது வேறு பெயரில் விற்க வந்தாலும் வாங்காதீர்கள், காரணம் இதுதான் என்று, இப்போது நான் சொன்னதையெல்லாம் என்னைவிட எளிமையாகச் சொன்னார். பின்வரிசையில் ஒருவர், "இதைச் சொல்லவா சார் வந்தீக?" என்றார். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. தலைவரின் காது மடல் சிவந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

காதர் பாய் எழுந்தார். "சிரிக்காதீக. எல்லாக் கம்பெனிக்காரனும் வாரான், பவுடரு விக்கிறான், போறான். போடாதேன்னு சொல்றதுக்குத் திரும்பி வந்த ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன்." பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "சரி சார், அந்த வைரஸோட கையை மட்டும் கட்டுற மாதிரி, ராலோட கையைக் கட்டாத மாதிரி ஒண்ணு எப்ப வரும்?" என்று கேட்டார்.

"தெரியலை பாய். செஞ்சுக்கிட்டு இருக்கோம்."

"செய்ங்க. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

வார்த்தை தவறாத மனிதர். தலைவர் ஓய்வு பெற்றதும் என்னிடம் கேட்க ஆரம்பித்தார். கோமதி வெளிநாடு போய்விட்டாள். அங்கேயும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன், இப்போது மாடியில் நாலு கத்தரிச்செடி மட்டும்தான் வளர்க்கிறேன் என்று சொன்னால், "அதுக்கும் வைரஸு வருமுல்ல டாக்டரம்மா?" என்கிறார். போன வாரமும் கூப்பிட்டார். புதிதாகச் சில பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், இனி அவர்கள்தான் அந்த வேலையைச் செய்யப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

உங்கள் எல்லோருடைய எண்ணையும் அலுவலகத்தில் வாங்கி அவருக்கு அனுப்பியாயிற்று. விடியற்காலை பஜ்ரு தொழுகை முடித்த கையோடு, நீங்கள் நல்ல தூக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார். போனை எடுங்கள். எடுத்ததும், லேசா நீலமாத்தான் இருக்கு என்கிற மாதிரி மட்டும் எதையும் சொல்லி வைக்காதீர்கள். அவர் நின்ற வாக்கிலேயே கையைத் தூக்கிவிடுவார்.